எலி வீட்டு அக்காவும் பதினேழு நாளும்

வரும் வெள்ளிக்கிழமை அக்கா ஓய்வு பெறுகிறாள். அறிவிப்புப் பலகையில் ஒட்ட அவளைப் பற்றிப் பத்து வரி எழுதிக் கொடு என்று ஆபீஸில் கேட்டார்கள். கேட்ட கிளார்க்குக்கு அவள் வேலை பார்க்கும் கட்டடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. "கடமை உணர்ச்சி, அர்ப்பணிப்புன்னு எதையாவது போட்டு எழுதுங்க சார், போட்டோவுக்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருக்கு" என்றான். எழுதிக் கொடுத்துத் தொலைத்தேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது தொழுநோய் ஆராய்ச்சி நிலையம். நான் ரத்தமும் தோலும் பார்க்கிற டெக்னீஷியன். அக்காவுக்கு எலி வீட்டில் வேலை. அது தோட்டத்துக்குப் பின்னால் தனியாக நிற்கும் நீளமான அறை. வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு. அதில் செருப்பை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே இரண்டு பக்கமும் அலமாரி, அலமாரி முழுக்கக் கூண்டு, கூண்டுக்கு ஐந்து வெள்ளை எலி. எலி மூத்திர வாடை முதல் நாள் குடலைப் புரட்டும். பத்தாம் நாள் வீட்டுக்கு நம்மோடு கூடவே வரும். அக்கா பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவாராம். "வாடைக்கா, இல்ல ஆஸ்பத்திரி ஸ்டாப்புல ஏறுனதுக்கான்னு தெரியல. எப்படியோ எனக்கு ஜன்னல் சீட்டு கிடைச்சுது" என்பாள்.

பெருக்கித் துடைக்கத்தான் அவளை முதலில் எடுத்தார்கள். எலி பார்த்துக்கொள்ள வந்த மூன்று பேர் அடுத்தடுத்து ஓடிப்போனதால் இந்த வேலை இவள் தலையில் விழுந்தது. புருஷன் அப்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் "அம்மா என்ன வேலை?" என்று கேட்டால் "தோட்ட வேலை" என்று சொல்வானாம். அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

வாய் ரொம்ப நீளம். பெரிய டாக்டரையே "செருப்பை நனைச்சீங்களா?" என்று அதட்டி வெளியே அனுப்பியிருக்கிறாள். எனக்கு வைத்த பெயர் கண்ணாடி. "நீ பொய் சொல்றப்ப எல்லாம் கண்ணாடியைக் கழட்டித் தொடைக்கிறே. உனக்கே தெரியாது, பாரு" என்பாள். எனக்குத் தெரியும், விட முடிந்ததில்லை.

எலி எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். தொழுநோய்க் கிருமி கண்ணாடித் தட்டில் வளராது. என்ன ஊட்டினாலும் வளராது. எலியின் பின்னங்காலில் ஊசி போட்டு வைத்தால் மட்டும் வளரும். அதுவும் என்ன வேகத்தில்? ஒன்று இரண்டாக ஏறக்குறைய பதின்மூன்று நாள். இப்படி ஒரு சோம்பேறியை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்தால் மனுஷனுக்கு முடி நரைக்காமல் என்ன செய்யும்? நோயாளியின் தோலில் ஒரு துணுக்கை எடுத்து அரைத்து எலிகளுக்கு ஊசி போடுவோம். பாதிக் கூண்டுகளுக்கு வெறும் தீவனம், பாதிக்கு மருந்து கலந்த தீவனம். எட்டு மாதம் கழித்து அந்தக் கால்களை வெட்டி அரைத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு கிருமியாக நான் எண்ணுவேன். மருந்து தின்ற எலியிலும் கிருமி பெருகியிருந்தால் அந்த மருந்து அந்தக் கிருமியிடம் செல்லாது. பெருகவில்லை என்றால் மருந்து நல்ல மருந்துதான், நோயாளிதான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இதற்காகத்தான் வாட்ச்கடைக்காரர் எங்களிடம் வந்தார்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை, பெட்டி மாதிரி சின்னக் கடை. பதினொரு வருஷமாகத் தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டவர். குணமாகிவிட்டது என்று நினைத்திருந்த சமயம் நெற்றியிலும் காது மடலிலும் மறுபடி தடித்தது. பெரிய டாக்டர் ஃபைலில் எழுதினார்: மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. வாட்ச்கடைக்காரர் மறுநாளே ஒரு பையோடு வந்தார். பையில் பதினொரு காலண்டர். ஒவ்வொரு நாளிலும் ஒரு பென்சில் கோடு.

"ஒரு நாள் தப்பல டாக்டர். என் கல்யாணத்தன்னைக்கும் போட்டேன், எங்கப்பா செத்தன்னைக்கும் போட்டேன். பாருங்க."

"கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டாக்டர்.

நான் அங்கேதான் நின்றேன். அந்த மனிதர் பதினொரு காலண்டரையும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தார். டாக்டரையும் குறை சொல்ல முடியாது. மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சத்தியம் செய்த நூறு பேரை அவர் பார்த்திருக்கிறார். புது மருந்து அவருடைய பீரோவில் கொஞ்சம்தான் இருந்தது. பழைய மருந்து செல்லவில்லை என்று நிரூபணமானவர்களுக்கு மட்டும் அது. நிரூபிக்க எலி வேண்டும். தோலை எடுத்தோம், ஊசி போட்டோம், கூண்டில் அட்டை மாட்டினோம்.

மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க வருகிறவர் நேராக எலி வீட்டு ஜன்னலுக்குப் போய்விடுவார். "என் ஆளுங்க எப்படி இருக்காங்கம்மா?" என்பார்.

"நல்லாத் தின்னுட்டு நல்லாத் தூங்குறாங்க. நீங்கதான் இளைச்சுட்டே போறீங்க" என்பாள் அக்கா.

நின்று கிடந்த எங்கள் சுவர்க் கடிகாரத்தை ஜன்னல் வழியாகவே வாங்கி, சரி செய்து, ஜன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்தார். வலது கையின் கடைசி இரண்டு விரலும் மரத்துப்போகின்றன என்று ஒருநாள் சொன்னார். ஸ்க்ரூ கீழே விழுந்தால் விழுந்ததே தெரிவதில்லையாம். "சீக்கிரம் சொல்லச் சொல்லும்மா உன் எலிங்களை" என்றார்.

எட்டு மாதம் ஆயிற்று. எண்ணினேன். மருந்து தின்ற எலிகளில் கிருமி பெருகிக் கிடந்தது. ஆஹா, மனுஷன் சொன்னது நிஜம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் போவதற்கு முன்னால் எலி வீட்டுக்குத்தான் ஓடினேன். செருப்பை நனைக்கக்கூட இல்லை, அவளும் திட்டவில்லை. முடிவைக் கேட்டதும் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, நடுவுல பதினேழு நாளு மருந்துத் தீவனம் வைக்கல."

"என்னக்கா உளர்ற?"

"மழைக் காலத்துல. கலந்து வச்ச மாவு முழுக்கப் பூசணம் பூத்துடுச்சு. கலக்க மருந்துத் தூளும் தீந்துபோச்சு. ஸ்டோர்ல கேட்டா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சான். எலியைப் பட்டினி போட முடியுமா? வெறும் மாவை வச்சேன்."

கூண்டு அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். 'தீவனம்' என்ற கட்டத்தில் அந்தப் பதினேழு நாளும் டிக். எல்லா நாளையும் போலவே அழகான டிக்.

"தீவனம் வச்சேன், டிக் போட்டேன். எந்தத் தீவனம்னு அட்டையில கேக்கல. நானும் சொல்லல. திட்டு விழுமேன்னு பயந்துட்டேன்" என்றாள்.

அப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "வாயை மூடிக்கிட்டு சும்மா இரு" என்றேன். பதினேழு நாளில் ஒன்று இரண்டாகும், போனால் மூன்றாகும், இங்கே பெருகியிருப்பது பல மடங்கு, கணக்கு எப்படிப் போட்டாலும் முடிவு மாறாது என்று அடித்துப் பேசினேன். அது சரியான வாதம்தான், இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வாதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. எட்டு மாதம் எலிக் காலை எண்ணக் காத்திருந்து, எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போய், மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது. அந்த மனிதரின் விரலையும் நினைத்தேன். இரண்டும்தான்.

முடிவை டாக்டரிடம் கொடுக்காமல் இரண்டு நாள் மேஜையில் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் வாட்ச்கடைக்காரர் ஜன்னலுக்கு வந்தார். நான் உள்ளே கூண்டுகளுக்கு நடுவில் நின்றேன். அக்கா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள். பூசணம், ஸ்டோர், வெறும் மாவு, பதினேழு டிக்.

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டியா?"

"இல்லண்ணே. நீங்க வேணாம்னா சொல்லல. இப்படியே போனா நாளைக்கே உங்களுக்குப் புது மருந்து. சொன்னா இன்னும் ஒரு வருஷம்."

அவர் வலது கையை ஜன்னல் கம்பியில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு இன்னைக்கே வேணும்மா அந்த மருந்து. ஆசை இல்லாமலா நிக்கிறேன்? ஆனா கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாரே அந்த ஆளு... நாளைக்கு எவனாவது இந்த அட்டையைத் தோண்டிப் பாத்தா, அவர் கேட்டது சரிதான்னு ஆயிடும். என் பதினோரு வருஷமும் உன் பதினேழு நாளோட சேந்து பொய்யாப் போயிடும். சொல்லிடும்மா."

"விரலு?"

"அது எம் பாடு."

அக்கா போய்ச் சொன்னாள். டாக்டர் கத்தவில்லை, அதுதான் மோசம். முடிவுத் தாளின் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'செல்லாது' என்று எழுதினார். பதின்மூன்று நாள் கணக்கை நான் எடுத்துச் சொன்னேன். "பதினேழுதான்னு அவங்க சொல்றாங்க. சொல்லாம விட்டது எத்தனைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஒரு ஆளுக்காவது மருந்து கொடுங்கள் சார் என்று கெஞ்சினேன். பீரோவைத் திறந்து காட்டினார். நிரூபணமானவர்கள் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். மருந்து பன்னிரண்டு பேருக்குத்தான் இருந்தது. அக்காவுக்கு மெமோ வந்தது. புதிதாகத் தோல் எடுத்தோம், புதிதாக எலி.

அந்த வருஷம் அக்கா என் உயிரை வாங்கினாள். தினமும் காலையில் தீவனம் வைத்ததும் என் அறைக் கதவைத் தட்டுவாள். "வந்து பாரு. எந்த டப்பா, எவ்வளவு, பாத்துட்டுக் கையெழுத்துப் போடு." ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். "பாக்காம எப்படிக்கா போடுறது?" என்று கடுப்போடு கேட்டேன். "அதானே! எழுந்திரு, ஆட்டோ நிக்குது" என்றாள். என் மனைவி சிரித்துவிட்டாள், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வருஷம் முழுக்க அக்கா ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. மகனைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனதும் தீவனம் வைத்த பிறகுதான்.

நாலாம் மாதம் வாட்ச்கடைக்காரரின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்க ஆரம்பித்தன. ஆறாம் மாதம் நிமிரவே இல்லை. ஜன்னலுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. "என் ஆளுங்க?" என்பார். அக்கா பழைய மாதிரி கிண்டல் செய்யமாட்டாள். "இருக்காங்கண்ணே" என்று மட்டும் சொல்வாள்.

எட்டாம் மாதம் எண்ணினேன். மருந்து தின்ற எலிகளில் கிருமி பெருகியிருந்தது. டாக்டர் அவரை வரச் சொல்லி, ஃபைலைத் திறந்து, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி, தேதி போட்டு, சத்தமாகப் படித்தார்: "நோயாளி மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டுள்ளார். மருந்து பலனளிக்கவில்லை. நான் முன்பு எழுதியது தவறு."

"இன்னொரு தடவை படிங்க சார்" என்றார் வாட்ச்கடைக்காரர். டாக்டர் படித்தார். வாட்ச்கடைக்காரர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புது மருந்து கிடைத்தது, கிருமி செத்தது, விரல்கள் நிமிரவில்லை. கடையை மூடவில்லை. பேட்டரி மாற்றுவார், பட்டை மாட்டுவார், சின்ன ஸ்க்ரூ எதுவானாலும் மருமகனிடம் தள்ளிவிடுவார். எதிரில் பார்த்தால் அக்காவை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். அந்த டீயைக் குடித்துவிட்டு வருகிற நாளில் அக்கா யாரிடமும் பேசமாட்டாள்.

எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. இரண்டாம் தடவை எண்ணி முடித்த அன்று பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. அந்தப் பதினேழு நாள் எதையும் மாற்றவில்லை. முதல் முடிவு சரியான முடிவு. முதல் தாளைக் கிழித்துப் போட்டேன், அக்காவிடம் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் அவளுடைய அலமாரியைக் காலி செய்ய உதவினேன். ஒரு சோப்பு, ஒரு துண்டு, மகன் குழந்தைகளின் போட்டோ, மடித்து மடித்துக் கிழிந்துபோன அந்த மெமோ. ஒரு பையே நிறையவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

"கண்ணாடி, நான் அன்னைக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா அந்த ரெண்டு விரலும் நேரா இருந்திருக்குமில்ல?"

"இருக்காதுக்கா. அந்த நரம்பு அதுக்கு முன்னாடியே போயிடுச்சு. எலி வேற, விரல் வேற. மருந்து குடுத்திருந்தாலும் மடங்கித்தான் இருக்கும்."

அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"தொடைச்சது போதும், மாட்டிக்கோ. படி இருக்கு, விழுந்துடப் போறே."