சாதகக் கட்டோடு கிளினிக்குக்குப் போன கதை

போன மாதம் ஒரு புதன்கிழமை. கிளிநொச்சியில் கிளினிக். நான், மனைவி, மகள் தாரணி மூன்று பேரும் போயிருந்தோம்.

தாரணிக்கு நீரிழிவு. எங்கள் பேச்சில் சீனி வருத்தம். பதினாறு வயதில் வந்தது, இப்போது இருபத்தைந்து. பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். எனக்கும் அதே வருத்தம்தான். ஆனால் எனக்கு வயதாகிவிட்டது, யார் கவலைப்படப் போகிறார்கள்?

டொக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். "ஐயா, அடுத்த முறை வரேக்க குடும்ப விபரம் முழுக்கக் கொண்டுவாங்கோ. ஆர் எப்ப பிறந்தது, ஆருக்குச் சீனி இருக்கு, எல்லாம் வேணும்."

குடும்ப விபரம்தானே? அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மஞ்சள் துணியில் சுற்றி, சாமி அறையில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால்... அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

டொக்டர் அவிழ்த்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஐயா, இது சாதகம்."

"ஓம். அப்பாவின்ரயில இருந்து தாரணியின்ர வரைக்கும் எல்லாம் இருக்கு."

நீங்களும் சிரிக்கிறீர்களா? போரில் இடம்பெயர்ந்து ஓடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு உரப்பைக்குள் எதை வைத்தோம்? காணிப் பத்திரம், ஒரு சாமிப் படம், சாதகங்கள். பிறப்புச் சான்றிதழ்கள் பழைய வீட்டோடு போய்விட்டன. உயிர் தப்புமோ என்று தெரியாத நேரத்திலும் கலியாணப் பொருத்தம் பார்க்கத் தேவையானதைக் கவனமாகக் காப்பாற்றியவர்கள் நாங்கள்.

டொக்டர் சிரித்து முடித்துப் பேனையை எடுத்தார். சாதகத்தில் பிறந்த ஆண்டு இருக்கிறதே. ஒரு வெள்ளைத் தாளில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். நான் சொல்லச் சொல்ல, சீனி உள்ளவர்களைக் கறுப்பாக்கினார். என் அப்பா கறுப்பு. அக்கா கறுப்பு. நான் கறுப்பு. எனக்குக் கீழே தாரணி கறுப்பு. மனைவியின் பக்கம்... பால் மாதிரி வெள்ளை.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். ஒன்பது வருடமாக நான் ஊருக்குச் சொல்லிவந்தது வேறு. "தாரணி வயித்தில இருக்கேக்க இவள் கோயில் சர்க்கரைப் பொங்கலை விட்டுவைச்சவளே? அதுதான் பிள்ளைக்கு." என் சீனிக்குக்கூட அவள் போடும் தேத்தண்ணிதான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவாள்.

"சாப்பாட்டால வந்ததில்லை ஐயா," என்றார் டொக்டர். "கொழும்புக்கு அனுப்பின ரத்த ரிசல்ட் வந்திட்டுது. இது ஜீன். பரம்பரை அலகு எண்டு சொல்லுறது."

அதற்கு மூன்று இங்கிலீசு எழுத்தும் ஒரு இலக்கமும் சேர்த்து ஒரு பெயர். மோட்டார் சைக்கிள் நம்பர் மாதிரி. வயிற்றுக்குப் பின்னால் சதையி என்று ஒரு உறுப்பு இருக்கிறதாம். கணையம் என்றும் சொல்வார்கள். இன்சுலின் சுரப்பது அதுதான். பிள்ளை கருவில் உருவாகும்போதே அந்தச் சதையி வளர வழிகாட்டுவது இந்த ஜீனாம்.

எட்டாம் வகுப்போடு நின்றவனின் முகம் எப்படி இருந்திருக்கும்? டொக்டருக்கு விளங்கிவிட்டது.

"ஐயா, வீட்டுத்திட்டத்தில வீடு கட்டினனீங்களோ?"

"ஓம்."

"மேசனிட்ட ரெண்டு பிளான் இருக்கு எண்டு வையுங்கோ. ஒண்டு தாய் குடுத்தது, ஒண்டு தகப்பன் குடுத்தது. ஒண்டில ஒரு கோடு பிழை. வீடு எழும்பும். ஆனா சில வருசத்தில குசினி ஒழுகத் தொடங்கும்."

"பிழையான பிளானை ஆர் குடுத்தது டொக்டர்?" மனைவி கேட்டாள். தெரிந்துகொண்டுதான் கேட்டாள்.

டொக்டர் பேனையால் என் சதுரத்தைத் தொட்டார்.

பஸ்ஸில் ஸ்கந்தபுரம் வந்து இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "தேத்தண்ணி போடட்டோ... பயமில்லையோ?"

சிக்கல் இனித்தான். தர்மபுரத்தில் இருந்து தாரணிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. நல்ல பெடியன், வயலில் கமம் செய்கிறவன். அவளுக்கும் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை சாதகம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். டொக்டரோ, தாரணிக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்லியிருந்தார். முதலே தெரிந்தால் கவனித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

என் யோசனை என்ன? முதலில் தாலி ஏறட்டும், பிறகு மெல்லச் சொல்லலாம். பத்துப் பொருத்தத்தில் சதையிப் பொருத்தம் என்று ஒன்று இல்லையே... தினமும் திருநீறு பூசுகிற நெற்றிக்குள் ஓடிய யோசனை இது.

அதை வாய்விட்டுச் சொன்னபோது தாரணி விடவில்லை. "அப்பா, நான் எந்த நட்சத்திரத்தில பிறந்தனான் எண்டு சொல்லப் போறீங்கள். ஒவ்வொரு நாளும் ஊசி போடுறன் எண்டு சொல்லமாட்டீங்களோ?"

டொக்டரின் தாளைச் சாதகத்துக்குள் மடித்து வைத்தாள். "இது போகாட்டி அதுவும் போகாது."

வெள்ளி காலை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். கையில் மோதகம், பெருத்த வயிறு... அவருக்குச் சீனி இல்லை. "நீ குடுத்துவைச்சனீ அப்பனே" என்று கும்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணினேன்.

தர்மபுரத்தில் மாப்பிள்ளையின் தாய் சாதகத்தை விரித்தார். தாள் விழுந்தது. "இதென்ன அண்ணை, புதுவிதமான கட்டம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். என் சதுரத்தையும் தொட்டுக் காட்டினேன். நாக்கு வறண்டது சீனியாலா, பயத்தாலா தெரியவில்லை.

அவர் தாளை மடித்துச் சாதகத்துக்குள் திரும்ப வைத்தார். "ஒளிக்காமல் சொன்னீங்கள், அது பெரிய காரியம். மகனோடயும் சாத்திரியாரோடயும் கதைச்சிட்டுச் சொல்லுறன்."

மூன்று நாள். போன் மணி அடித்தால் மூன்று பேரும் ஒன்றாக எழும்பினோம்.

திங்கள் பின்னேரம் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணை, சீனியைப் பற்றி எங்களுக்கு ஒண்டுமில்லை. மருந்திருக்கு, டொக்டர்மார் இருக்கினம் எண்டு மகனே சொல்லிப்போட்டான். ஆனா எங்கட சாத்திரியார் ஒரேயடியா வேண்டாம் எண்டிட்டார். பிள்ளைக்கு எட்டில செவ்வாய். அதுக்கு மருந்தில்லையே."

எட்டாம் இடத்துச் செவ்வாய் எனக்கும் தெரிந்ததுதான். பாதகமில்லை என்று எங்கள் சாத்திரியார் சொல்லியிருந்தார். நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒளிக்க நினைத்த தாளை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஷெல்லடிக்குள் நெஞ்சோடு அணைத்துக் காப்பாற்றிய சாதகம் சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டது.

தாரணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. "பரவாயில்லை அப்பா. என்ர வருத்தத்துக்காக வேண்டாமெண்டு சொல்லேல்லை," என்றாள்.

குசினிக்குள் இருந்து தேத்தண்ணியோடு மனைவி வந்தாள். சீனி போடாத தேத்தண்ணி. கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

"இஞ்சேருங்கோ... இந்தச் செவ்வாய் என்ர பக்கமோ, உங்கட பக்கமோ?"