ஓட்டிகினே இருந்தாங்க

வியாசர்பாடியிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போன முதல் வாரத்திலேயே செங்கொடி தன் பேச்சை மாற்றிக்கொண்டாள். அவள் 'இன்னா' என்றதும் வகுப்பு மொத்தமும் சிரித்திருந்தது. அதன்பிறகு நாக்கில் தப்பித் தவறிக்கூட அந்தச் சொல் வந்ததில்லை. இருபத்தொன்பது வயதில் நீதித்துறைத் தேர்வில் வென்று, ஊர் ஊராக மாற்றலாகி, ஐம்பத்து நான்கில் அமர்வு நீதிபதியாகச் சென்னைக்கே திரும்பினாள்.

அன்று வந்தது கொலைமுயற்சி வழக்கு. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒருவன் விழுந்து மண்டை உடைந்து பிழைத்திருந்தான். நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லை. கூட்டாளி திருமுருகன் விரட்டிப்போய்த் தள்ளினான் என்பது போலீஸ் கதை. நேரில் பார்த்தவள், அங்கே மீன் வெட்டித் தரும் ஷம்ஷாத்.

"காலைலருந்து அவன ஓட்டிகினே இருந்தாங்க" என்றாள் ஷம்ஷாத்.

"விரட்டியதைச் சாட்சியே ஒப்புக்கொள்கிறார்" என்றார் அரசு வழக்கறிஞர், உற்சாகமாக.

செங்கொடி பேனாவைக் கீழே வைத்தாள். அர்த்தம் அவளுக்குத் தெரியும். ஆனால் சாட்சியின் வாயிலிருந்துதான் அது வரவேண்டும். யோசிக்குமுன் கேள்வி வந்து விழுந்தது.

"ஓட்னாங்கன்னா இன்னா பண்ணாங்கம்மா? பாத்தத சொல்லுங்கோ."

நீதிமன்றம் நிமிர்ந்து பார்த்தது. ஷம்ஷாத்தின் முகம் மலர்ந்தது.

"கலாய்ச்சாங்கம்மா. பொண்ணு பாக்கப் போறேன்னு மீசைக்கு மை அட்ச்சுகினு வந்தான். வேர்வைல மை வழிஞ்சு வாயெல்லாம் கறுப்பா கீது. அவனுக்கே சிரிப்பு தாங்கல. சிரிச்சுகினே பின்பக்கமா நவுந்தவன் ஐஸ் தண்ணில வழுக்கி வுழுந்துட்டான். கூண்டுல நிக்கிற இந்தப் புள்ள தள்ளவே இல்ல. தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனதே இதுதான்."

தட்டச்சர் சினேகா தயங்கினாள். "அம்மா, 'கீது'ன்றத எப்படி அடிக்கிறது?"

"சொன்னபடியே அடி."

அடுத்த மாதம் திருமுருகன் விடுதலையானான். தீர்ப்பில் 'ஓட்டுதல்' என்பதற்கு மட்டும் ஒரு பத்தி எழுதியிருந்தாள்.

தீர்ப்பு சொன்ன அன்று மாலை ராயபுரம் பாலத்தருகே கார் நின்றுவிட்டது. "இன்னா லூயிஸ், ஒரே பேஜாரா கீது?" என்றாள்.

இரண்டு வருடமாக அவளிடம் அளந்து அளந்து பேசிய ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"லாரி ஒண்ணு குறுக்கால நிக்குதும்மா. நீங்க எந்த ஏரியா?"

"வியாசர்பாடி."

வழி கிடைக்கும்வரை இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.