சித்தி நனைந்த நாள்

எங்கள் அம்மாவுக்கு மழை என்றால் ஆகாது. ஒரு தூறல் விழுந்தாலே என்னையும் தம்பியையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள். அப்படிப்பட்ட அம்மா, மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், “சீக்கிரம் கெளம்புங்க, பீச்சுக்குப் போவணும்” என்று சொன்னபோது தம்பி என் கையைக் கிள்ளிப் பார்த்தான். கனவா நிஜமா என்ற சந்தேகம் வந்தால் அவன் தன் கையைக் கிள்ளிக்கொள்ள மாட்டான், என் கையைத்தான் கிள்ளுவான்.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுப் பரீட்சை விடுமுறைக்கு விழுப்புரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, புதுச்சேரியில் மாமா வீட்டுக்கு வந்திருந்தோம். அம்மாவின் அப்பாவான தாத்தா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, நான், தம்பி. மாடுகளைப் பார்த்துக்கொள்ள அப்பா ஊரிலேயே நின்றுவிட்டார். மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் பிறந்தவர். முதலியார்பேட்டையில் குடியிருந்துகொண்டு மில்லில் வேலை பார்த்தார். அத்தை பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால், இஷ்டத்துக்கு இருங்கள் என்று எங்களை வரச்சொல்லியிருந்தார்.

வந்த நாளிலிருந்து மழை. கடலைப் பார்க்காமலேயே ஊருக்குத் திரும்பிவிடுவோமோ என்று நானும் தம்பியும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாக நின்றிருந்தோம். நாங்கள் இருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அதைப் பார்த்த ஒரே பெண் என் பக்கத்தில் உட்காருகிறவள். அதை வைத்துக்கொண்டு அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

ஆகவே அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததும் வீடு தலைகீழானது. அம்மா எங்களை மறந்துவிட்டு சித்திக்குத் தலை பின்னினாள். கனகாம்பரம் வைத்தாள். பெட்டியிலிருந்து கத்திரிப்பூ நிறப் பட்டுப்புடவையை எடுத்து நீட்டினாள்.

“மழையில பட்டா? இன்னாக்கா ஆச்சு ஒனக்கு?” என்றாள் சித்தி.

“டவுனுடி இது. நாலு பேரு பாப்பாங்க.”

“இந்த மழையில நாலு பேரு எங்கேருந்து வருவாங்க?”

அம்மா புடவையை அவள் தோளில் போட்டாள். டவுனில் கடல் பார்க்கப் பட்டுடுத்திக்கொண்டுதான் போவார்கள் போல என்று நினைத்து, நானும் என் பட்டுப்பாவாடையைக் கேட்டு அடம் பிடித்தேன். ஒரு முறைப்பு கிடைத்தது.

இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா வந்தது. முன்னதில் மாமாவும் தாத்தாவும் தம்பியும், பின்னதில் நாங்கள் மூவரும். முன்பக்கம் பிளாஸ்டிக் படுதாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாலத்தைத் தாண்டியதும் வீதிகள் கோடு போட்டதுபோல் நேராகிவிட்டன. மஞ்சளும் வெள்ளையுமாக உயர உயரமான சுவர்கள், வாசலே தெரியாத பெரிய பெரிய கதவுகள். ஒரு போலீஸ்காரர் மாடியடியில் ஒதுங்கி, தன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் போலீஸுக்கு அப்படிப்பட்ட தொப்பி கிடையாது. தம்பி முன் ரிக்‌ஷாவிலிருந்து தலையை நீட்டி, “அக்கா, ராஜா போலீஸ்!” என்று கத்தினான். தெருமுனைப் பலகையைக் காட்டி, “ரூன்னா பிரெஞ்சுல வீதி” என்று மாமா விளக்கினார். “எத்தினி ரூவா?” என்று கேட்டான் அவன். தாத்தா சிரித்த சிரிப்பு எங்கள் ரிக்‌ஷாவரை கேட்டது.

கடல் எனக்கு முதலில் காதில்தான் வந்தது. ஏதோ ரைஸ்மில் ஓடுகிறது என்று நினைத்தேன். படுதாவை விலக்கினால், தெரு முடிந்த இடத்தில் உலகமும் முடிந்திருந்தது. அதற்கப்பால் மழைத்தண்ணீர் நிறைந்த ஏரியைப் போலக் கலங்கி, எழுந்து நின்று, கருங்கற்களின் மேல் விழுந்து, மறுபடி எழுந்தது ஒன்று. அலையடித்துத் தெறித்த தண்ணீர் ரோட்டுக்கு வந்தது. தம்பியும் நானும் கையைக் கோத்துக்கொண்டு குதித்தோம். என்ன கத்தினோம் என்று எங்களுக்கே தெரியாது.

“சும்மா நிக்கக் கூடாது. அந்தக் கோடி சிலையிலேருந்து லைட்டவுசு வரைக்கும் நடந்துட்டு வருவோம்” என்றார் மாமா. நடந்தோம். திரும்பி வந்தோம். “இன்னொரு வாட்டி” என்றார். எனக்கு அதில் ஆட்சேபணையே இல்லை. மாமாவைப் போல நல்ல மனுஷர் கிடையாது என்று நினைத்தேன். ஆனால் அவர் கடலை ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். சித்தியை மட்டும் ஓரடி முன்னால் நடக்கச் சொன்னார். பின்னாலிருந்து அவளுக்குக் குடை பிடித்த அம்மாவிடம், “கொடைய கொஞ்சம் பின்னால சாச்சுப் புடிக்கா” என்றார். பின்னால் சாய்த்தால் சித்தி நனையமாட்டாளா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தம்பி, “கார்! கார்!” என்றான்.

தந்த நிற அம்பாசிடர் ஒன்று ரோட்டோரம் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. உள்ளேயிருந்து ஒரு கை வந்து அதை வட்டமாகத் துடைத்தது. கடலைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்களே, பாவம் என்று நான் அவர்களுக்கு டாட்டா காட்டினேன்.

சித்தி நின்றுவிட்டாள்.

“யாருண்ணா அது, வண்டியில?”

“யாரோ. மழைக்கு ஒதுங்கி நிக்கிறாங்க. நீ நட.”

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா குடைக்கம்பியைப் பார்த்தாள். சித்தி தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துப் பிழிந்தார்.

பிறகு சித்தி செருப்பைக் கழற்றினாள். கத்திரிப்பூப் பட்டை முழங்கால்வரை தூக்கிச் செருகினாள். ஒரு கையில் என்னையும் இன்னொரு கையில் தம்பியையும் பிடித்தாள்.

“வாங்கடா, அலைகிட்ட போவலாம்!”

ஓடினோம். பின்னால் அம்மா “ஏய், ஏய்” என்பது கேட்டது. கல்வரிசையை நாங்கள் நெருங்கவும் ஓர் அலை எழும்பவும் சரியாக இருந்தது. அது எங்கள் மூவர் தலைமேலும் வந்து விழுந்தது. மூச்சு நின்றது. வாயெல்லாம் உப்பு. கண்ணைத் திறந்தால் சித்தி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கனகாம்பரம் முழுவதும் போய், வெறும் நார் காதோரம் தொங்கியது. பொட்டு கரைந்து மூக்கில் வழிந்தது. “இன்னொண்ணு வருது! இன்னொண்ணு!” என்று எங்களைவிடப் பலமாக அவள்தான் கத்தினாள். சித்தி அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை.

கார் புறப்படும் சத்தம் கேட்டது. மாமா கையைத் தூக்கியபடி அதன் பின்னால் நாலடி ஓடினார். காற்றில் அவருடைய குடை மல்லாந்துகொண்டது. திரும்பி வந்தவர் சித்தியை நோக்கி விரலை நீட்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

“வுடுடா” என்றார் தாத்தா. “கடல் பாக்கத்தான வந்துச்சு? பாத்துட்டுப் போவட்டும்.”

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவரும் எங்களிடம் வந்து சித்திக்குப் பக்கத்தில் நின்றார். அடுத்த அலை அவரையும் சேர்த்து நனைத்தது. அந்த வயதில் ஒருவர் இஷ்டப்பட்டு நனைவதை அன்றுதான் பார்த்தேன்.

டீக்கடைக்குப் போனதும் அம்மா, சித்தியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வைத்த கையோடு முந்தானையை உருவி அவள் தலையைத் துவட்டத் தொடங்கினாள். நனைந்தால் பெரியவர்களும் அடி வாங்குவார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தாத்தா எல்லோருக்கும் சூடாகக் கடலை வாங்கிக்கொடுத்தார். மாமா மட்டும் சாப்பிடவில்லை.

நான் வளர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். காருக்குள் இருந்தது ஒரு மாப்பிள்ளையும் அவனுடைய அம்மாவும். அதற்கு முன்பு சித்தியைப் பார்க்க எங்கள் வீட்டுக்குப் பலர் வந்து, கேசரி சாப்பிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போயிருக்கிறார்கள். மிச்சக் கேசரி எங்களுக்கு என்ற அளவில் மட்டும் அந்தக் கதை எனக்குத் தெரியும். இவர்கள், வீட்டுக்கு வருவானேன், பீச்சில் காற்று வாங்குகிற மாதிரி நடக்கவிடுங்கள், வண்டியிலிருந்தே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் வரமாட்டாள் என்று சித்தியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. பெண்ணுக்கு அடக்கம் போதாது என்று மறுநாளே பதில் வந்துவிட்டது. சித்தி அடுத்த வருஷம் டீச்சர் டிரெயினிங் சேர்ந்தாள். பிறகு தன்னோடு வேலை பார்த்த ஒருவரை, எதிரில் உட்கார்ந்து, பேசிப் பார்த்துக் கட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? திரும்பும்போது நான் ரிக்‌ஷாவில் சித்தி மடியில் இருந்தேன். பக்கத்தில் அம்மா. எனக்கு ஒரே ஒரு குறைதான்.

“சித்தி, அந்தக் கார்ல இருந்தவங்களுக்கு டாட்டா காட்டுனேன். அவங்க காட்டவே இல்ல.”

“அவங்க மூஞ்சி தெரிஞ்சுதா ஒனக்கு?”

“இல்ல. கண்ணாடி பூரா ஆவி.”

“எனக்கும் தெரியல” என்றாள் சித்தி, வெளியே பார்த்துக்கொண்டு.

அவள் குரல் என்னவோ போலிருந்தது. காருக்குள் பார்க்க முடியவில்லையே என்று அவளுக்கும் குறைதான் போல என்று நினைத்து, ஆறுதலாகச் சொன்னேன்: “வுடு சித்தி. அவங்களும்தான் நம்மளச் சரியாப் பாத்திருக்க மாட்டாங்க.”

சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆவி படிந்த கண்ணாடி இரண்டு பக்கமும்தானே மறைக்கும். அதைச் சொன்னதற்கு இவ்வளவு சிரிப்பானேன் என்று எனக்கு விளங்கவில்லை. அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன்.