எளிதில் கோபம் வரும்: ஒன்றா, ஐந்தா?

மனித சுபாவத்தை அளக்கும் வேலை என்று சொன்னால் கேட்கப் பெரிதாக இருக்கும். உண்மையில் அது வெயிலில் வீடு வீடாகப் போய் அழைப்புமணியை அழுத்துகிற வேலை. வாக்காளர் பட்டியலுக்கோ, கணக்கெடுப்புக்கோ, இன்ஷூரன்ஸுக்கோ கையில் ஃபாரத்தோடு அலைந்தவர்கள் உங்களில் இருந்தால், கதவைத் திறப்பவரின் முகம் அந்த முதல் நொடியில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம். நீங்களாவது பெயரும் வயதும் கேட்டுவிட்டு வந்திருப்பீர்கள். நான் கேட்டது, "நீங்கள் எப்படிப்பட்டவர்?"

கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உளவியல் சொல்லித்தருகிறேன். கூடவே முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வு: ஷிப்டில் வேலை பார்ப்பவர்களின் ஆளுமை. நெய்வேலி குவார்ட்டர்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபது வீடுகள். ஒரு கேள்வித்தாள், அதில் அறுபது வாக்கியங்கள். 'எனக்கு எளிதில் கோபம் வரும்', 'நான் திட்டமிட்டே எதையும் செய்வேன்' இந்த மாதிரி. ஒன்று என்றால் இல்லவே இல்லை, ஐந்து என்றால் எப்போதும். நான்கு வாரம் கழித்து அதே ஆள் அதே தாளை மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் என் அளவுகோலை நம்பலாம். பதிவு செய்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. நாற்பத்திரண்டு வயதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு கிடையாது.

நடுவில் நிற்கும் முள்

முதல் வாரத்தில் அகப்பட்டவர் ராஜமாணிக்கம் சார். அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் இருபத்தெட்டு வருட சர்வீஸ். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரீட்சை எழுதுவது போல நிதானமாக முக்கால் மணி நேரம் எழுதினார். இப்படி ஒரு பொறுப்பான மனிதரா என்று எனக்குப் பூரிப்பு. வாங்கிப் பார்த்தால் அறுபது வாக்கியத்துக்கும் மூன்று. கோபம் மூன்று, சிரிப்பு மூன்று, கடவுள் பக்தி மூன்று.

பூரிப்பு போன இடம் தெரியவில்லை. "சார், ஒண்ணுலகூடவா நீங்க ஒரு பக்கமா இருக்க மாட்டீங்க?" என்று கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதுப் பையனுக்கு விளக்குவது போலச் சொன்னார்: "மேடம், மீட்டர் முள்ளு இந்தக் கோடிக்குப் போனாலும் அலாரம், அந்தக் கோடிக்குப் போனாலும் அலாரம். நடுவுல நின்னாதான் நாங்க டீயே குடிப்போம்."

குறையே இல்லாத மனிதர்

பக்கத்து ஊர் வடக்குத்துவைச் சேர்ந்த ஏழுமலை, சுரங்கத்தில் பன்னிரண்டு வருடமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளி. அவர் தாளைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. பொய் சொன்னதே இல்லை. தாமதமாகப் போனதே இல்லை. யார் மீதும் பொறாமை இல்லை. மேலதிகாரி திட்டினால் சந்தோஷம்தான். மகான்களே இவ்வளவு துணிந்து ஐந்து போட மாட்டார்கள். எழுதி முடித்தவர் தாளை என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "இது எப்பங்க மேல போவும்? பக்கத்து வூட்டுல சொல்லிகினு இருந்தாங்க, பர்மனென்ட் பண்றதுக்குக் கொணம் பாக்க ஆளு வருதுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. நான் படிப்புக்காகச் செய்கிற வேலை, அவருக்குப் பன்னிரண்டு வருடக் காத்திருப்பாகப் போய்விட்டது. கல்லூரி அடையாள அட்டையைக் காட்டி, இந்தத் தாளை எந்த அதிகாரியும் பார்க்கப்போவதில்லை, இதனால் நல்லதும் வராது கெட்டதும் வராது என்று இரண்டு முறை சொன்னேன். முகம் வாடத்தான் செய்தது. ஆனால் அப்படியே எழுந்து போகாமல் புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கினார், திண்டாடித் திண்டாடி உண்மையை எழுதினார். அறுபது பேரில் மிக நேர்மையான தாள் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கொடுக்கும்போது சொன்னார்: "முன்னாடியே சொல்லக் கூடாதாங்க? இவ்ளோ நேரம் நல்லவனாவே இருந்து கையெல்லாம் வலிக்குது."

அடுப்படியிலிருந்து ஒரு திருத்தம்

குணசேகரன் சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். நான் போனது சாயங்காலம். கொல்லையில் பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சிரித்துப் பேசிக்கொண்டே எழுதினார். 'எனக்கு எளிதில் கோபம் வரும்' என்ற இடத்தில் இரண்டு போட்டார். அடுப்படி ஜன்னலிலிருந்து அவர் மனைவி மலர்க்கொடி, "இப்பக் கேட்டா ரெண்டுதான் வரும்" என்றாள். பதில் சொல்கிறவரை யாரும் திசைதிருப்பக் கூடாது என்பது நான் வகுப்பில் அடித்துச் சொல்கிற விதி. அதையே அவளிடமும் கொஞ்சம் விறைப்பாகச் சொன்னேன். அவளுக்கு முகம் சுருங்கவில்லை. காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சரிங்க மேடம், நான் பேசல. அடுத்த தடவ வருவீங்க இல்ல, அப்ப நீங்களே பாருங்க."

இரண்டு இரண்டு பேர்

நான்கு வாரம் கழித்து இரண்டாம் சுற்று. குணசேகரன் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர், பலா மரமும் இல்லை, சிரிப்பும் இல்லை, பத்தே நிமிடத்தில் எழுதி நீட்டினார். கோபத்துக்கு ஐந்து. அதுவும் பேனா தாளின் மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி.

அவர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். ஒப்பிடுவதற்காகச் சேர்த்திருந்த அலுவலகக்காரர்கள் இருபது பேரும் அச்சடித்தது போல ஒத்துப்போனார்கள். ஷிப்டுக்காரர்கள் நாற்பது பேரில் ஏறக்குறைய யாருமே ஒத்துப்போகவில்லை. சாதுவாக இருந்தவர் சிடுசிடுப்பாகிவிட்டார், கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிவிட்டார். ஆய்வோ அந்த நாற்பது பேரைப் பற்றியது. பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். என் நெறியாளர் அம்மா கண்டிப்பானவர், ஆறுதல் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. அட்டவணையை இரண்டு முறை புரட்டினார். வெளியே வந்து பஸ் ஏறியவள் சேத்தியாத்தோப்பு தாண்டும் வரை அழுதேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணு, உன் கேள்வித்தாள் தப்பு. இல்ல, உன் ஊர்ல ஒவ்வொரு ஆளும் ரெண்டு ஆளா இருக்காங்க. எதுன்னு கண்டுபிடிச்சிட்டு வா. செப்டம்பர் முடியப் போகுது."

காலண்டர்

மறுநாள் நேராகக் குணசேகரன் வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு தாளையும் மலர்க்கொடியின் முன்னால் வைத்து, "இதுல எது உண்மை?" என்று கேட்டேன். ஒரு ஆய்வாளர் கேட்கும் தொனியில் இல்லை, சண்டைக்கு வந்தவள் தொனியில்.

"ரெண்டும்தான்" என்றாள். உள்ளே போய் அடுப்படிச் சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தேதியின் மூலையிலும் ஓர் எழுத்து. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு ஒன்று, செகண்டுக்கு ஒன்று, நைட்டுக்கு ஒன்று. வார ஓய்வுக்குச் சின்ன வட்டம். நான் முதலில் வந்தது ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம். இரண்டாவது முறை நைட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பியிருக்கிறேன். மகளின் ரேங்க் கார்டு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில்தான் கையெழுத்துக்குப் போகும். மாமியார் வீட்டுப் பேச்சு செகண்ட் ஷிப்ட் வாரத்துக் காலையில். நைட் வாரத்தில் மிக்ஸி ஓடாது, வற்றல் வறுக்க மாட்டாள், புதுச் செய்தி எதுவும் அவர் காதுக்குப் போகாது. "எங்க பிளாக்ல எல்லா வூட்டுலயும் இப்படித்தாங்க" என்றாள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை சுற்றி வருகிற ஷிப்ட், நான் விட்ட இடைவெளி நான்கு வாரம். நாற்பது பேரையும் இரண்டாம் முறை வேறு ஷிப்டில் பிடித்திருக்கிறேன்! கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினைந்து வருடம், கணவருக்கு அலுவலகத்தில் ஜெனரல் ஷிப்ட், ஒன்பது மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிற மனிதர். ஷிப்டைப் பற்றி ஆய்வு செய்தவளுக்கு, எந்த ஷிப்டில் கேட்கிறோம் என்று குறித்துக்கொள்ளத் தோன்றவில்லை. வெட்கமாகவும் இருந்தது, எழுந்து குதிக்க வேண்டும் போலவும் இருந்தது. "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மலர்" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சொன்னேனே மேடம். பேசாதன்னு சொன்னது நீங்கதான்."

மூன்றாம் சுற்று

பிறகு நடந்ததைக் கேட்டால் அலைச்சலில் கால் தேய்ந்த எல்லோரும் பெருமூச்சு விடுவீர்கள். இரண்டு மாதத்தில் அத்தனை வீடும் மறுபடி. அடுப்படிகளில் நின்று காலண்டர்களைப் பார்த்து, யாரை எந்த ஷிப்டில் பிடித்தேன் என்று எழுதினேன். பிறகு முதல் சுற்றின் அதே ஷிப்ட் வாரத்தில் மூன்றாவது முறை அதே தாள். மலர்க்கொடியும் அவள் சிநேகிதிகளும் யார் எந்த நாளில் தூங்காமல் இருப்பார்கள் என்று எனக்குப் பட்டியலே போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மூன்று பேரைத் தவிர எல்லாரும் ஒத்துப்போனார்கள். கேள்வித்தாளும் தப்பில்லை, ஆட்களும் தப்பில்லை. நெறியாளர் அம்மா புது அட்டவணையை வெகுநேரம் பார்த்தார், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்: "நன்றியுரையில என் பேரு ரெண்டாவதா வரட்டும். அந்தக் காலண்டர் பொண்ணு பேரை முதல்ல போடு."

கடைசிக் கேள்வி

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வழக்கமாக சமோசாவுக்காக வருகிற மாணவர்கள்தான் இருப்பார்கள். எனக்கு மலர்க்கொடியும் குணசேகரனும் வந்திருந்தார்கள், அவர் இன்னொருவரோடு ஷிப்டை மாற்றிக்கொண்டு. வெளியூர்ப் பேராசிரியர் என்னை ஒரு மணி நேரம் வறுத்தெடுத்துவிட்டு, சபையில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். குணசேகரன் எழுந்தார். சட்டைப் பொத்தானைப் பிடித்தபடியே கேட்டார்: "பத்து வருஷமா எங்க வூட்டுல என்னைக் கோவக்காரன்னுதான் சொல்றாங்க. பொண்ணு கிட்டவே வர மாட்டா. அது நானா மேடம், நைட் ஷிப்டா?"

சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார். ஷிப்ட்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் அவர் சந்தோஷமாகப் போவார், ஆனால் என் அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. "முழுப் பழியையும் ஷிப்ட் மேல போட முடியாது, குணசேகரன். ஆனா முழுக்க உங்க மேலயும் போட முடியாது. பாதிதான் நீங்க" என்றேன். மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் உட்காரும்போது சொன்னார்: "பாதி போதும் மேடம். அத நான் பாத்துக்கறேன்."

இப்போது என் பெயருக்கு முன்னால் டாக்டர் இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் ஜெனரல் ஷிப்ட் என்பதால், நான் எரிந்து விழும்போது பாதிப் பழியைப் போடக்கூட ஒன்றும் அகப்படவில்லை.