திருப்பி ஊற்றிய மிச்சம்

போன வருடம் ஐப்பசி மழையில் நடந்தது. ஓமலூர் பக்கம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி எக்ஸ்ரே அறையில் எனக்கு வேலை. திரவ நைட்ரஜன் கேனை நிரப்பி வைப்பேன், அறையைத் துடைப்பேன். அஞ்சாவதோடு படிப்பு நின்றவன். அதற்கு முன் நாமக்கல்லில் மாட்டு டாக்டரோடு சினை ஊசிக் கேனைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன்; அதிலும் இதே நைட்ரஜன்தான்.

ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எட்டு மாதம் பாடுபட்டு ஒரு புரதப் படிகம் வளர்த்திருந்தாள். உப்புக்கல்லில் பாதிகூட இருக்காது. அதை நைட்ரஜனில் முக்கி எக்ஸ்ரே காட்டினால் திரையில் புள்ளி புள்ளியாக விழ வேண்டும். அன்று புள்ளிகளின் மேலேயே தடித்த வளையங்கள் விழுந்தன. படிகத்தில் பனி ஒட்டிவிட்டது. கம்ப்யூட்டரில் வளையங்களை ஒதுக்கிப் பார்த்தார்கள். வேண்டிய புள்ளிகளும் சேர்ந்தே போயின. அந்தப் பெண் நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

அவளுடைய பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "கேனை மூடாம விட்டிருப்பே. மாட்டு ஊசிக் கேன் தூக்குனவனை உள்ள விட்டா இப்படித்தான்." இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முந்தின நாள், படிகம் முக்கத் திறந்து கிடந்த தெர்மாகோல் கிண்ணத்தின் மிச்ச நைட்ரஜனை, "எதுக்கு வீணாக்கணும்" என்று கேனில் திருப்பி ஊற்றியதே அவர்தான். காற்றின் ஈரம் அதில் வெள்ளைத் தூளாக உறைந்து கிடந்ததை நான் பார்த்தேன். "ஐயா, அதுல பனி..." என்று முனகினேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொல்ல வாய் வரவில்லை. மாட்டு ஊசிக்கு அந்தத் தூளால் ஒன்றுமில்லை. படிகத்துக்கு ஆகாது என்று எனக்குச் சொல்லித் தந்தவளே அந்தப் பெண்தான்.

அவளைத் தவிர எல்லோரும் போன பிறகு கேனைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு கைப்பிடி வெள்ளைத் தூள். அவளைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க அம்மிணி" என்று காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"நேத்தே சொல்லியிருந்தா என்ர படிகம் தப்பிச்சிருக்குமில்லீங்கண்ணா?" என்றாள்.

அவர் திட்டியதைவிட அதுதான் சுட்டது.

அவளே போய்ப் பேராசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாள் அவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். 'மிச்சத்தைத் திருப்பி ஊற்றாதே' என்று எழுதியிருந்தது. "கேன்ல ஒட்டு" என்றார். சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

கேனைக் காயவைத்துப் புதிதாக நிரப்பினேன். அவளிடம் மிஞ்சியிருந்த சின்னப் படிகத்தில் புள்ளிகள் வளையமில்லாமல் வந்தன. பெரியது போனது போனதுதான்.

அவர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆனால் அன்று இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லாத என்மேல்தான் அது அதிகம். இப்போது யார் கிண்ணத்தைக் கேன் பக்கம் சாய்த்தாலும் நேராகப் போய்க் கையைப் பிடித்துவிடுகிறேன், அது அவர் கையாக இருந்தாலும்.