தொண்டை அசையாத தவளை

மூச்சு இருக்கிறதா என்று அறிய, வெட்டுக்கிளிக்கு அக்கா முதலில் வயிற்றைத்தான் பார்ப்பார். பக்கவாட்டில் வரிசையாக உள்ள ஊசித்துளைகள் வழியாகத்தான் அதற்குக் காற்று. வயிறு சுருங்கி விரிந்தால் சரி, அடுத்த பெட்டி. மீனுக்குச் செவுள் மூடி. தவளைக்குத் தொண்டை. மண்புழுவுக்கு மூக்கும் கிடையாது, செவுளும் கிடையாது. தோல் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்து, இல்லையென்றால் தண்ணீர் தெளிப்பார். தொட்டிச் செடிகளையும் விடுவதில்லை. இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைத் துடைப்பார். "மூக்கு இங்கதான் இருக்கு. மேல துடைச்சா அழகு, கீழ துடைச்சாத்தான் உசுரு."

கல்லூரியில் உயிர்ப்பிராணிகள் வைத்திருக்கும் அறைக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் பொறுப்பு. மாணவர்கள் வைத்த பெயர் மூச்சக்கா. அந்த அறையில் நூறு உயிர்களாவது மூச்சு விடுகின்றன. ஒன்றின் சத்தமும் கேட்காது. புதிதாக வரும் ஆசிரியர்கள் ஐந்து நிமிடத்துக்கு மேல் உள்ளே நிற்க மாட்டார்கள். யாரோ பின்னால் நிற்பது போல இருக்கிறதாம். "யாரோ இல்ல சார், எல்லாரும்தான் நிக்கிறாங்க" என்பார் அக்கா, வெகு சாதாரணமாக. தண்ணீருக்கடியில் கிடக்கும் ஆமையைக் காட்டி, "இவரு குளிர் காலத்துல பின்பக்கமா மூச்சு விடுவாரு. பெரிய மனுஷங்க வழியே தனி" என்று சிரிப்பார்.

யானைக்கும் அடி சறுக்குமே! ஒரு கடுங்குளிர் நாளில் தவளையொன்று தொட்டியின் அடியில் கிடந்தது. தொண்டை அசையவில்லை. செத்ததை ஸ்பிரிட் ஜாடியில் போட்டுவைப்பது வழக்கம். போட்டு, மூடியை இறுகத் திருகினார். உள்ளிருந்து நான்கு விரல்கள் கண்ணாடியைப் பிராண்டின. மூடி சிக்கிக்கொண்டது, திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குளிரில் தவளை தொண்டையை நிறுத்திவிட்டு ஈரத் தோலாலேயே மூச்சு வாங்கும் என்பது அவருக்குத் தெரியாததா? தெரிந்தும் போட்டார். பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதையும் செத்தது என்று அவர் வாயால் சொன்னதில்லை. ஈரத்துணியில் சுற்றி மூன்று நாள் வைத்திருப்பார். நாறினால்தான் நம்புவார்.

இப்போது மூன்று வாரமாக விடுப்பு. கணவர் படுத்த படுக்கை. டாக்டர் கையை விரித்துவிட்டார். மூச்சு நின்று நின்று வருகிறது. கட்டில் ஓரம் உட்கார்ந்து அக்கா இடைவெளிகளை எண்ணுகிறார். இருபது. முப்பத்தைந்து. முந்தாநாள் நாத்தனார், "அண்ணா போயிட்டாரு!" என்று அலற, அக்கம்பக்கமெல்லாம் கூடி, வாசலில் நாற்காலிகூடப் போட்டுவிட்டார்கள். அக்கா எழுபது எண்ணியபோது மனிதர் நெஞ்சு நிமிர ஒரு மூச்சு இழுத்தார். வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் நழுவினார்கள். நாற்காலிகளை அக்காதான் எடுத்து உள்ளே வைத்தார்.

இன்று மதியம் மறுபடி நின்றது. எழுபது தாண்டியது. நூறு. இருநூறு. தொண்டையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். கைக்கண்ணாடியை மூக்கருகே பிடித்தார், மங்கவில்லை.

"அண்ணி, முடிஞ்சுது அண்ணி. எல்லாருக்கும் போன் பண்ணிடட்டுமா?"

"பண்ணாத."

"உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சே!"

"அன்னிக்கும் சில்லுன்னுதான் இருந்துச்சு. அவசரப்பட்டு மூடிட்டேன்."

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு மூடியைத் திருகிவிடுவோமோ என்ற பயம் அக்காவுக்கு.

எழுந்துபோய்க் கிண்ணத்தில் தண்ணீரும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்தார். கணவரின் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். துணியை நனைத்து, மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி, ஓரிடமும் காய்ந்து கிடக்காதபடி, மெல்ல ஈரப்படுத்தத் தொடங்கினார்.