தோவாகோ மிதித்த வழி

"பனி மூடினா மண்ணு குளிருமாம்மா, கதகதப்பா இருக்குமா?"

வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மினகாவா இப்படிக் கேட்டபோது தோவாகோவுக்குப் பதில் தெரியவில்லை. வடக்கே பனி கொட்டும் தோகாச்சி சமவெளியில் பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, உருளைக்கிழங்கு போட்டே பாதி வயதைக் கழித்தவள். ஆனாலும் தெரியவில்லை.

"பனி ஒரு போர்வைம்மா. சீக்கிரமே மூடிட்டா மண்ணு உறையாது," என்று அவரே சொன்னார்.

அவள் வீட்டுக் கவலையும் அதுதான். முன்பெல்லாம் பனி தாமதமாக விழும். வெறும் மண் முழங்கை ஆழத்துக்குக் கல்லாக இறுகும். அறுவடையில் தப்பிய கிழங்கெல்லாம் அதில் செத்துப்போகும். இப்போதோ பனி முந்திக்கொண்டது. தப்பிய கிழங்குகள் பிழைத்து, அடுத்த பயிருக்குள் களையாக முளைத்தன. அதனால் டிராக்டரை விட்டுப் பனியை ஒதுக்கி, மண்ணைக் குளிரவைக்க வேண்டியிருந்தது.

மினகாவாவின் கணினிக் கணக்கு, மண்ணின் சூட்டையும் ஈரத்தையும் ஆழம் ஆழமாகச் சொல்லும். பருவம் மாறிக்கொண்டே போனால் இந்த மண் என்ன ஆகும் என்றும் சொல்லும். கணக்கு சரிதானா என்று பார்க்க, அவள் வயலில் ஒரு குழாயைப் புதைத்தார். உள்ளே நீலத் தண்ணீர். உறைந்த அளவுக்கு வெளுத்துவிடும். வாரம் ஒருமுறை அதை உருவிப் பார்த்துப் போனில் சொல்வது தோவாகோவின் வேலை.

வீட்டுக்கு வருகிறவருக்குப் பனியை மிதித்து வழி பண்ணிவைப்பது அங்கே மரியாதை. மினகாவா எப்போது வேண்டுமானாலும் வரலாமே என்று, ஒவ்வொரு பனிக்கும் குழாய்வரை மிதித்துவைத்தாள். நிற்க வசதியாகக் குழாயைச் சுற்றி வட்டமாகவும் மிதித்தாள்.

ஜனவரியில் அவர் போனில் தயங்கினார். "குழாய் நாப்பது சென்டிமீட்டர் உறைஞ்சிருக்குங்குது. என் கணக்கு பதினஞ்சைத் தாண்டல. எதுக்கும் பனியை ஒதுக்கிடுங்கம்மா."

கணவர் கென்சாகு சிரித்தார். "அந்தக் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை ஒரு குளிர்காலமாவது இங்க இருந்திருக்கானா? டீசல் என்ன சும்மாவா வருது?"

"அவர் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்."

"நீதானே அளந்த? உன்னையே நம்பமாட்டியா?"

அந்த வருஷம் அவர்கள் பனியை ஒதுக்கவில்லை.

ஜூனில் பீன்ஸ் முளைத்தது. கூடவே வயல் முழுக்க உருளைக்கிழங்கும். சேதி கேட்டு ஓடிவந்த மினகாவாவை கென்சாகு ஏறிட்டும் பார்க்கவில்லை. தோவாகோதான் முதலில் கவனித்தாள். வயலோரத்திலிருந்து குழாய்வரை, ஒரு கிழங்குச் செடிகூட இல்லாத மெல்லிய கோடு. அது முடிகிற இடத்தில் ஒரு வட்டம்.

"ஐயோ தம்பி, இது உங்களுக்காக நான் மிதிச்ச வழி!"

மிதிபட்டு இறுகிய பனி போர்வையாக இல்லாமல் போயிருந்தது. குளிர் அந்த வழியே மண்ணுக்குள் இறங்கியிருந்தது. வயலை அளப்பதாக நினைத்து, தன் காலடியை மட்டும் அளந்திருந்தாள்.

மினகாவாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவ்வளவு மரியாதை எனக்கு யாருமே செஞ்சதில்லம்மா."

"சிரிச்சது போதும் மாப்பிள்ளை, குனி," என்றார் கென்சாகு.

இருட்டும்வரை மூவரும் கிழங்குச் செடி பிடுங்கினார்கள். மண் படிந்த கையோடு, வரப்பில் உட்கார்ந்து சோற்று உருண்டை தின்றார்கள்.

கென்சாகு இப்போது இல்லை. தோவாகோ ஓபிஹிரோ நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள். முதல் பனி விழும்போதெல்லாம் அந்தச் சோற்று உருண்டையின் ருசி நாக்கில் வருகிறது. பூங்காவில் யாரும் மிதிக்காத பனியைக் கண்டால், இன்றும் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

எதையாவது அளக்கக் கிளம்பும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருந்தால், தோவாகோ மிதித்த வழியைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள்.